ஹலூமியில் கை நனைத்தவர்

சமையல் தெரியாத ஆண்பிள்ளையால் ஒரு வீட்டுக்கும் ஆபத்தில்லை. பசித்தால் சத்தம் போடுவான், போட்டதைத் தின்பான், ஏப்பம் விட்டுவிட்டுப் படுப்பான். ஆனால் ஒரே ஒரு பண்டம் மட்டும் செய்யக் கற்றுக்கொண்டு, அதை நாலு பேருக்குச் செய்து காட்டியே தீருவேன் என்று நிற்கிறான் பாருங்கள், அவனை அடுப்பங்கரைப் பக்கமே அண்ட விடக் கூடாது. என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அப்படி நின்றேன். அதற்கு இன்றைக்கும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

அறுபதுகள் தொடங்கியிருந்த நேரம். எனக்கு இருபத்தாறு வயது. றொசல்லயில் ரயிலை விட்டு இறங்கி, இரண்டு மைல் ஏறினால் வருகிற ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கர். அதுவும் மூன்றாவது கிளாக்கர். (முதல் கிளாக்கர் எழுதுவார், இரண்டாவது கிளாக்கர் அதைப் பார்த்து எழுதுவார், மூன்றாவது கிளாக்கர் இரண்டு பேருக்கும் மை ஊற்றுவான்.) ஆனால் கூலிக்காரர் லயத்தின் ஒற்றைக் காம்பராவில் பிறந்து, கொழுந்து எடுத்த அம்மாவின் காசில் படித்து, நீளக் கால்சட்டை போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு, மை ஊற்றுகிற உத்தியோகமே கவர்னர் உத்தியோகம்தான். இரண்டு அறைக் குவாட்டர்ஸ் கொடுத்திருந்தார்கள். அதில் நானும் அம்மாவும் என் தலைக்கனமும் குடியிருந்தோம்.

எனக்குப் பெண் பார்த்தார்கள். இரண்டு இடம் வந்து, வந்த வழியே போய்விட்டது. மூன்றாவதாக வந்த இடம்தான் மஸ்கெலியா. அந்தப் பெண்ணை நான் முன்னமேயே பார்த்திருந்தேன் என்பது வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆபீஸ் வேலையாக மஸ்கெலியா போனபோது, கோயில் வாசல் கடையில் ஒரு பெண் தேங்காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டு, “இது அழுகலுங்க, வேற குடுங்க” என்றாள். கடைக்காரர் சத்தியம் செய்தார். அவள் அசையவில்லை. கோபத்தில் அவர் அதைத் தரையில் அடித்து உடைத்தார். அழுகல்தான். அவள் பாட்டுக்கு அடுத்த தேங்காயை எடுத்துக் காதோரம் வைத்தாள். நான் அந்த இடத்திலேயே விழுந்துவிட்டேன். கமலம் என்று பெயர், அப்பா பால்காரர் நல்லமுத்து என்றெல்லாம் விசாரித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாக ரெங்கசாமி மாமாவின் காதில் போட்டு வைத்தேன். மாமா என்றால் அம்மாவின் தம்பி. பக்கத்துத் தோட்டத்தில் கண்டாக்கு. மலையில் நின்று வேலை வாங்குகிறவர், கத்திக் கத்திப் பழகியவர். அவருக்கு ரகசியம் பேசவே வராது.

மாமா போய்ப் பேசிவிட்டு வந்து சொன்னார். “ஆளு நல்ல ஆளுதான் மாப்ள. ஆனா சந்தேகப் பிராணி. நான் வணக்கம் சொன்னதுக்கு, ‘எதுக்கு?’ன்னு கேக்குறாரு. அடுத்த ஞாயித்துக்கெழமை அவரும் அவங்க அக்காவும் வீடு பாக்க வாறாங்க. சுத்த சைவம். பாத்து நடந்துக்க.”

கமலம் கிடைப்பாளா மாட்டாளா என்பது அந்த ஞாயிற்றுக்கிழமையில் இருந்தது. எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. அந்த மூன்று நாளுக்குள்தான் ஹலூமி வந்து சேர்ந்தது.

எங்கள் சின்னத்துரை, அதாவது பெரிய துரைக்கு அடுத்த வெள்ளைக்காரர், பட்டாளத்தில் இருந்தபோது சைப்பிரஸ் தீவில் வேலை பார்த்தவர். அங்கேயே கல்யாணமும் முடித்துக்கொண்டு வந்திருந்தார். துரைசாணி அந்தத் தீவுக்காரி. கறுத்த கூந்தல், பெரிய கண்கள். பார்த்தால் எங்கள் பக்கத்துப் பெண்ணுக்கு வெள்ளை அடித்த மாதிரி இருப்பார். அதனாலோ என்னவோ, மற்ற துரைசாணிமார் அவரோடு அவ்வளவாகச் சேரவில்லை. அவருக்கு அவருடைய தாய் ஒரு பெரிய தகரம் அனுப்பியிருந்தார். ரயிலில் வந்த தகரம் ஓரத்தில் ஒழுகி, ஸ்டேஷன் முழுக்க ஒரு புளித்த வாடை. உள்ளே என்ன செத்துக் கிடக்கிறதோ என்று யாரும் தொட மாட்டேன் என்றுவிட்டார்கள். மூன்றாவது கிளாக்கர் எதற்கு இருக்கிறான்? நான்தான் அதைச் சாக்கில் சுற்றித் தோளில் ஏற்றி, உப்புத் தண்ணீர் முதுகு வழியாகக் கால்சட்டைக்குள் இறங்க இறங்க, பங்களா வரைக்கும் கொண்டுபோய் வைத்தேன்.

துரைசாணி தகரத்தைத் திறந்து பார்த்துவிட்டு அழுதார். பிறகு என்னைப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். உள்ளே இருந்தது அவர்கள் ஊர்ச் சீஸ். ஹலூமி என்று பெயர். செம்மறியாட்டுப் பாலும் வெள்ளாட்டுப் பாலும் சேர்த்துச் செய்வார்களாம். மற்றச் சீஸ் மாதிரி இது நெருப்பில் உருகாதாம். விரல் கனத்துக்கு வெட்டு, ஈரத்தைத் துடை, எண்ணெய் வேண்டாம், சட்டி நன்றாகக் காயட்டும், ஒரு பக்கம் இரண்டு நிமிஷம், திருப்பிப் போடு, மறுபக்கம் இரண்டு நிமிஷம், முடிந்தது. விருந்தாளி வந்தால் சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்கக் கொடுக்கிறதாம். குழந்தைகூடச் செய்யலாம் என்றார். செய்தும் காட்டினார். நான் தின்றேன். உப்பென்றால் உப்பு, அப்படி ஓர் உப்பு. ஆனால் ருசி இருக்கிறதே, சும்மா சொல்லக் கூடாது. அந்த வீட்டில் தன் ஊர்ச் சாப்பாட்டை ரசித்துத் தின்ன ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், பாலை எப்படிக் காய்ச்சுவார்கள், எதைப் போட்டு உறைய வைப்பார்கள், எப்படி மடித்து நடுவில் புதினா வைப்பார்கள் என்று அரை மணி நேரம் விளக்கினார். ஆபீஸ் பழக்கத்தில் நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன். வரும்போது இரண்டு கட்டியை ஒரு போத்தலில் உப்புத் தண்ணீரோடு போட்டுக் கொடுத்தார்.

வழியெல்லாம் எனக்கு ஒரே யோசனை. பெண்ணின் அப்பா பால்காரர். இது பாலில் செய்தது. துரைமார் தின்கிறது. சுத்த சைவம். இதைவிடப் பொருத்தம் வேறு என்ன இருக்கிறது? (ஜாதகம்கூட இவ்வளவு பொருந்தாது என்று நினைத்தேன். மடையன்.)

அம்மா போத்தலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். “என்னடா இது, சவுக்காரமா?”

“சீஸும்மா. பால்ல செஞ்சது.”

“பச்சை பச்சையா இருக்கு. பூசணம்.”

“புதினாம்மா அது.”

“பாலுக்குள்ள எவனாவது புதினா போடுவானா? தொரசாணி குடுத்தா விஷத்தையும் வாங்கிட்டு வந்துருவியா நீ? இந்தா பாரு, இதை என் அடுப்புல வைக்கப்படாது, என் சட்டியில போடப்படாது. நாய்க்கும் போட்டுறாத, பாவம்.”

ஞாயிற்றுக்கிழமைக்கு இதைத்தான் வைக்கப்போகிறேன் என்றதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டார். “கூறுகெட்டவனே, சம்மதம் முடியாம அவங்க இங்க கை நனைப்பாங்களா?”

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பெண் கொடுக்க, எடுக்க ஒரு வீட்டுக்குப் போனால், சம்மதம் என்று வாயால் சொல்லும் வரைக்கும் அந்த வீட்டில் எதையும் சாப்பிட மாட்டார்கள். தேத்தண்ணி குடிக்கலாம், வெற்றிலை போடலாம். உப்புப் பட்ட எதையும் தொட மாட்டார்கள். தொட்டால் கை நனைத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்புறம் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று எழுந்து போனால், உப்பைத் தின்றுவிட்டு முகத்தில் அடித்த மாதிரி. அந்தப் பெண்ணுக்கே ஆகாது என்பார்கள். அதனால் அம்மா என்ன செய்தாரென்றால், சோறு, பருப்பு, கறிகள், பாயாசம் எல்லாவற்றையும் ஆக்கி உள்ளே மூடி வைத்துவிட்டார். சம்மதம் என்றால் இலை. இல்லையென்றால் அந்தச் சமையலை நாங்கள் இரண்டு பேரும் மூன்று நாளைக்குத் தின்ன வேண்டும். போன இரண்டு தடவையும் அப்படித்தான் தின்றோம்.

நானோ படித்தவன் ஆயிற்றே. “அது சாப்பாட்டுக்குத்தாம்மா. இது சாப்பாட்டுக்கு முந்தி சும்மா கொறிக்கிறது. இது கணக்கில வராது” என்றேன்.

அன்றைக்கு மழை. வட்டவளைப் பக்கத்து மழை உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, அது பெய்வதில்லை, குடியிருக்கும். மாமா ஸ்டேஷனுக்குப் போய் விருந்தாளிகளை அழைத்து வந்தார். நல்லமுத்துவும் அவருடைய அக்காவும் ஒரு குடையில் வர, மாமா பத்தடி முன்னால் நனைந்துகொண்டே நடந்தார். மூன்று பேராகப் போனால் காரியம் விளங்காது என்று அந்த அக்கா சொல்லிவிட்டாராம். அவர் பெயர் சிட்டம்மா. மூக்குத்தி போட்ட பெரிய மூக்கு. வாசலில் நின்று அந்த மூக்கை உயர்த்தி ஒரு தடவை வீட்டை இழுத்துப் பார்த்தார்.

நல்லமுத்து மெலிந்த ஆள். வேட்டிக்கு மேல் கறுப்புக் கோட்டு. உட்காரச் சொன்னால் நாற்காலியின் நாலு காலையும் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். பிறகு அண்ணாந்து கூரைத் தகரத்தைப் பார்த்தார்.

“ஒழுகுமா?”

“இல்லீங்க.”

“இந்த வீடு ஒங்க பேர்லயா தம்பி?”

“தோட்டத்து வீடுங்க.”

“வேலை போச்சுன்னா?”

“வீடும் போயிருங்க.”

மாமா இருமினார். அம்மா அவசரமாகத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். கெத்துக்காகப் பாலைத் தனிக் குவளையில் வைத்திருந்தோம். நல்லமுத்து தேத்தண்ணியைத் தொடவில்லை. குவளைக்குள் சுண்டுவிரலை விட்டு, ஒரு சொட்டை இடது கைப் பெருவிரல் நகத்தில் வைத்து, நகத்தைச் சாய்த்தார். சொட்டு சறுக்கிக்கொண்டு ஓடியது.

“யாரு பால் குடுக்குறா?”

“கீழ் லயத்துல ஒருத்தருங்க.”

“பாதித் தண்ணி” என்றார், என்னமோ நான்தான் ஊற்றிய மாதிரி பார்த்துக்கொண்டு. சிட்டம்மா இதற்குள் என் அருகில் வந்து, கறையைப் பார்க்கிறவர் போலச் சட்டையை முகர்ந்து பார்த்தார். குடிக்கிறவனா என்று பார்க்கிறாராம். மூச்சை அடக்கினால் சந்தேகப்படுவார், விட்டாலும் சந்தேகப்படுவார். நான் பாதி விட்டேன்.

நிலைமை கைமீறிப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது. இப்படியே விட்டால் இன்னும் ஐந்து நிமிஷத்தில் குடையை எடுத்துவிடுவார். ‘இப்போ காட்டுறேன் பாரு’ என்று பின்பக்கம் ஓடினேன். மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்ற வைத்தேன். அம்மா சட்டி தரமாட்டேன் என்றுவிட்டதால், பிஸ்கட் தகரத்து மூடியை மல்லாக்க வைத்தேன். மூடியின் வெளிப்பக்கம் ரோசாப்பூப் படம் போட்ட பெயின்ட். அது நெருப்பில் பட்டதும் பொசுங்கி ஒரு நாற்றம் கிளம்பியது. எனக்கு அதெல்லாம் எங்கே உறைத்தது? வெட்டினேன், துடைத்தேன், போட்டேன், திருப்பினேன். பொன்னிறமாக, ஓரங்களில் கரிக்கோடு விழுந்து, பார்க்க லட்சணமாகத்தான் வந்தது. தட்டில் அடுக்கிக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன்.

சிட்டம்மா சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்தினார். “தம்பி, எந்திரிடா. மீன் பொரிச்சிருக்காங்க.”

“ஐயோ மீன் இல்லீங்க! சைவம்ங்க! துரைமார் திங்கிறது, சீஸுங்க. பால்ல செஞ்சதுங்க” என்றேன்.

எழுந்த நல்லமுத்து மறுபடி உட்கார்ந்தார். முப்பது வருஷமாக மாடு வைத்துப் பிழைக்கிறவரிடம் ஒரு கரிந்த துண்டைக் காட்டிப் பால் என்று சொன்னால் சும்மா போவாரா?

“எந்த மாட்டுப் பாலு?”

“மாடு இல்லீங்க. செம்மறியாடு.”

“செம்மறியில எவன் பால் கறக்குறான்?”

“சைப்பிரஸ்ல கறக்குறாங்களாம்ங்க.”

அவர் மாமாவைப் பார்த்தார். மாமா கூரையைப் பார்த்தார். “தம்பி,” என்றார் நல்லமுத்து, நிதானமாக, ஒவ்வொரு வார்த்தையாக. “பால்ல செஞ்ச எந்தச் சாமானும் சூடு பட்டா எளகும். வெண்ணெ எளகும். பாலாடை எளகும். சீஸும் எளகும், ஹட்டன்ல ஒரு தொரை வீட்டுல நானே பாத்திருக்கேன். இது நெருப்புல வெந்தும் கல்லு மாதிரி நிக்குது. நீங்க பாலுன்னு சொல்றீங்க. பொண்ணு குடுக்க வந்த எடத்துல பொய்யில ஆரம்பிக்கிறீங்களே.”

“ஒங்க கண்ணு முன்னால சுட்டுக் காட்டுறேங்க” என்றேன்.

மண்ணெண்ணெய் அடுப்பு வீட்டுக்குள்ளேயே வந்தது. நடுக்கூடத்தில் நான் குந்தியிருந்தேன். நல்லமுத்து நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு, முழங்காலில் கை ஊன்றிக் குனிந்தார். அவர் தோளுக்கு மேலாகச் சிட்டம்மா. வாசல் நிலையில் மாமா. உள் கதவில் அம்மா. வெள்ளைத் துண்டை மூடியில் வைத்தேன். நல்லமுத்து இமைக்காமல் அது உருகுவதற்குக் காத்திருந்தார். உருகவில்லை. தண்ணீர் விட்டது, சுண்டியது, சிவந்தது. திருப்பிப் போட்டேன். அந்தப் பக்கமும் சிவந்தது. உருகவில்லை.

“ம்” என்றார்.

துண்டை எடுத்து உள்ளங்கையில் போட்டு ஊதினார். முகர்ந்தார். பிய்த்தார். நாக்கு நுனியில் வைத்தார். அப்புறம், தட்டான் தங்கக் கம்பியைக் கடித்துப் பார்க்கிற மாதிரி ஓர் ஓரத்தைக் கடித்தார்.

கீச்.

ஹலூமியின் குணம் அது, பல்லில் பட்டால் கத்தும். துரைசாணி இதைச் சொல்லியிருந்தார். நான்தான் முன்கூட்டிச் சொல்லவில்லை. நல்லமுத்து கடித்த வாயோடு நிமிர்ந்தார். சிட்டம்மா ஓரடி பின்னால் போய், “உசிரோட இருக்கா?” என்றார்.

“பேசாம இரு அக்கா.” அவர் மறுபடி கடித்தார். கீச். மென்றார். கண்ணை மூடிக்கொண்டார். விழுங்கினார். “பாலு மாதிரியும் இருக்கு. இல்லாத மாதிரியும் இருக்கு” என்றவர், தட்டில் முன்னமே இருந்ததில் ஒன்றை எடுத்தார். அதையும் தின்றார். “ஆறினா வேற மாதிரிக் கத்துது.” இன்னொன்று. ஒரு துண்டை மேல்பல்லாலும் கீழ்ப்பல்லாலும் தனித்தனியாகச் சோதித்தார். உள்கதவில் அம்மா துண்டுக்கு ஒரு விரலாக மடக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அம்மாவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் கண்டதில்லை.

நாலாவது துண்டு உள்ளே போனதும் மாமாவுக்குத் தாங்கவில்லை. மலையில் காலைப் பெரட்டுக்கு ஆள் கூப்பிடுகிற குரலில் கத்தினார்: “அக்கா! எலையப் போடு! அண்ணன் கை நனைச்சிட்டாரு!”

நல்லமுத்துவின் தாடை பாதியில் நின்றது. கையில் இருந்த ஐந்தாவது துண்டைப் பார்த்தார். அது ஏதோ என் கையிலிருந்து அவர் கைக்குத் தானாக வந்துவிட்ட மாதிரி மெல்லத் தட்டில் வைத்தார்.

“நான் சாப்புடல. சோதிச்சேன்.”

“நாலு துண்டு சோதிச்சியா?” என்றார் சிட்டம்மா. அவருக்குத் தம்பி மேலேயும் சந்தேகம்தான்.

“அக்கா, இது பலகாரமா என்னன்னே தெரியல...”

“உப்பு இருந்துச்சா இல்லயா?”

உப்பா? மனிதர் உப்பளத்தையே விழுங்கியிருந்தார். என்னை ஏறிட்டுப் பார்த்தார். ‘இதற்காகத்தானே திட்டம் போட்டாய்’ என்கிற பார்வை. சத்தியமாக இல்லை. எனக்கு அவ்வளவு மூளை இருந்திருந்தால் முதல் கிளாக்கர் ஆகியிருப்பேன்.

“இருங்க,” என்றார் கடைசியாக. “ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பாலு தானா ஒறையாது. எதைப் போட்டு ஒறைய வச்சாங்க?”

அந்த நிமிஷத்தில்தான், துரைசாணி அரை மணி நேரம் சொல்லி நான் தலையாட்டிய சங்கதியெல்லாம், பூட்டி வைத்த அலமாரி திறந்துகொண்ட மாதிரி என் மேல் விழுந்தது. பால் குடிக்கிற ஆட்டுக்குட்டியை அறுத்து, அதன் வயிற்றில் இருக்கிற பையைக் காய வைத்து, அதில் ஊறிய தண்ணீரை விட்டால் பால் கட்டியாகிவிடும் என்று அவர் சொல்லியிருந்தார். நான் ‘எஸ் மேடம்’ என்று சொல்லியிருந்தேன்.

சுத்த சைவம். நாலு துண்டு.

நல்லமுத்துவின் முதுகுப் பக்கம், வாசல் நிலையில் நின்ற மாமா, என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு இரண்டு கையையும் சேர்த்துப் பிழிந்து பிழிந்து காட்டினார். எலுமிச்சம்பழம்! எலுமிச்சம்பழம்னு சொல்லு! சொல்லலாம்தான். எலுமிச்சை விட்டால் பால் திரியும், யாருக்கும் சந்தேகம் வராது. ஒரு வார்த்தை. அந்த வார்த்தைக்கு அந்தப் பக்கம் கமலம் நிற்கிறாள். சொல்லிவிடத்தான் நான் வாயைத் திறந்தேன், என்னைப் பெரிய சத்தியவான் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் அந்த மனுஷன் வாயைத் துடைக்காமல், உதட்டோரத்தில் ஒரு வெள்ளைத் துணுக்கோடு, பதிலுக்காக என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நான் கொடுத்துத்தானே தின்றார்?

“ஆட்டுக்குட்டி வயித்துப் பைங்க” என்றேன். “தொரசாணி சொன்னாங்க. நான் அதை யோசிக்காம வச்சிட்டேங்க. மன்னிச்சிருங்க.”

நல்லமுத்து எழுந்தார். பின்பக்கம் போனார். வாய் கொப்பளிக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது. தொண்டைக்குள் விரலை விட்டுப் பார்க்கிற சத்தமும் வந்தது. அம்மா நெற்றியில் அறைந்துகொண்டு, “பாவி, பாவி, ஒரு மனுசன் சாதியவே கெடுத்துட்டியேடா” என்று சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். மாமா என் காதில் ரகசியமாகச் சொன்னார் (கீழ் லயம் வரைக்கும் கேட்டிருக்கும்): “நான் எவ்வளவு பழம் புழிஞ்சேன்! ஒரு தோட்டத்துப் பழத்தையே புழிஞ்சேனேடா!” எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. மண்ணெண்ணெய்ப் புகை என்று பொய் சொல்லலாம். கமலம் போய்விட்டாள் என்றுதான் வந்தது.

நல்லமுத்து திரும்பி வந்தார். முகமெல்லாம் ஈரம். குடையை எடுப்பார் என்று நினைத்தேன். நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர்ச்சுவரில் மாட்டியிருந்த முருகன் படத்தைக் கையால் காட்டினார்.

“அந்தக் கண்ணாடியில எனக்குப் பின்னால நிக்கிறவங்க எல்லாம் தெரியும். வந்து உக்காந்ததுல இருந்து அதைத்தான் பாத்துட்டிருக்கேன்.” மாமாவைத் திரும்பிப் பார்த்தார். “நீங்க பழம் புழிஞ்சதையும் பாத்தேன்.”

மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“இந்தத் தம்பி எலுமிச்சம்பழம்னு சொல்லியிருந்தா, உப்பாவது ஒண்ணாவது, இந்நேரம் நாங்க எறங்கிப் போயிருப்போம்” என்றார். “என்கிட்ட இதுவரைக்கும் எவனும் எனக்குப் புடிக்காத உண்மையச் சொன்னதில்ல. நானும் எவனுக்கும் சொன்னதில்ல. பொய் சொல்ல வராத ஆளு ஏவாரத்துக்கு ஒதவ மாட்டான். பொண்ணு குடுக்க ஒதவுவான்.”

“அப்ப எல போடலாமா அண்ணே?” என்று அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“போடுங்க. எனக்குச் சோறும் மோரும் மட்டும் போதும். ரெண்டு நாளைக்கு வேற எதுவும் எறங்காது.” மோர்ச் சட்டி வந்ததும் நிறுத்தினார். “மோருக்கு என்ன ஒறை ஊத்துனீங்க?”

“மோருதாங்க அண்ணே, முருகன் சத்தியமா மோருதான்!” அம்மா அழுதேவிட்டார்.

ரயிலுக்கு அவரைக் கொண்டுவிட நான் போனேன். மாமாவும் சிட்டம்மாவும் முன்னால் போக, நாங்கள் இருவரும் ஒரு குடையில். ஸ்டேஷன் தெரிகிற வளைவு வந்ததும் அவர் அங்கே நின்று முன்னும் பின்னும் பார்த்தார். தேயிலைச் செடிக்குள்ளேயும் பார்த்தார்.

“நீங்க ஒரு உண்மையச் சொன்னீங்க. நானும் ஒண்ணு சொல்லணும், இல்லாட்டி எனக்குச் செரிக்காது. காலையில மூணு மாடும் சேந்து பன்னெண்டு போத்தல் கறக்கும். கடைகளுக்குப் பதினாறு போத்தல் ஊத்துறேன். முப்பது வருசமா. என் அக்காவுக்கே தெரியாது. ஒங்களோட இருக்கட்டும்.”

சொல்லிவிட்டு, பாரம் இறங்கின மாதிரி மூச்சு விட்டார். அந்தப் பாரம் முழுக்க என் தலைக்கு வந்துவிட்டது. தை மாதம் கல்யாணம் ஆனது. மாலை மாற்றும்போதுகூட எனக்கு அந்த நாலு போத்தல்தான் ஞாபகம். இந்தப் பெண்ணிடம் இதை மறைத்து எப்படிக் குடித்தனம் நடத்துவது என்று ஒரு மாதம் தவித்துவிட்டு, ஒரு நாள் கமலத்தை உட்கார வைத்து, கையைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய அப்பா பன்னிரண்டைப் பதினாறாக்கின கதையைச் சொன்னேன்.

அவள் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்துவிட்டார்.

“பன்னெண்டா? அப்பா அப்படியா நெனச்சிக்கிட்டிருக்காங்க?” என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கறக்கிறது பன்னெண்டுதாங்க. ரெண்டு போத்தலை நானும் தங்கச்சியும் தொழுவத்துலயே குடிச்சிருவோம். அவங்க வாரதுக்குள்ள பீலித் தண்ணிய ஊத்தி நெரப்பி வச்சிருவோம். அப்பா கைக்கு வாரதுல பாலு பத்துதான்.”

எங்கள் வீட்டில் யார் எதைச் சத்தியம் செய்து சொன்னாலும், பிள்ளைகள் கேட்கிறது ஒரே கேள்விதான்: “பன்னெண்டா, பத்தா?” மருமக்களும் பழகிக்கொண்டார்கள். மாமனார் அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். கடைசி வரைக்கும் ரயில் டிக்கெட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், டாக்டர் கொடுத்த மாத்திரையை முகர்ந்து பார்த்தார், நான் வைத்த தேத்தண்ணியை என்னைக் குடிக்க வைத்துவிட்டுத்தான் குடித்தார். மகள் கொண்டுவந்து கொடுக்கிற பாலை மட்டும் அவர் ஒருநாளும் நகத்தில் வைத்துப் பார்த்ததில்லை.